புளி போட்டு விளக்கிய இழைப்புளி

கொட்டகலை ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்குகிற வழியில் தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற றோலண்டைவிடப் பயந்த மனிதரை இந்த மலைநாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நாயைக் கண்டால் பயம். இடி இடித்தால் பயம். பஸ் கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கப் பயம். பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே வயிறு கெட்டுவிடும். காக்கிச் சட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தூரத்தில் ஒரு காக்கி தெரிந்தால் போதும், மருந்துக் கடையோ கருவாட்டுக் கடையோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவார். சும்மா நிற்க முடியாதே என்று எதையாவது வாங்குவார். அப்படி வாங்கிய நெத்தலிக் கருவாடு அவர் வீட்டில் எப்போதும் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழில் என்ன தெரியுமா? அடுத்தவர் பொருளை எடுத்துப் பார்த்து, முகத்துக்கு நேரே விலை சொல்வது.

பொருள் என்றால் இழைப்புளி. மரத்தை இழைத்து மழமழப்பாக்கத் தச்சர்கள் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிற கருவி. இப்போது எல்லாரும் கரண்டில் ஓடுகிற மெஷின் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாக்களுக்கும் தேயிலை ஃபேக்டரிகளுக்கும் கப்பலில் வந்திறங்கிய பழைய இழைப்புளிகள் ஸ்டோர் மூலைகளிலும் பரண்களிலும் இன்னும் கிடக்கின்றன. வெளிநாட்டில் அவற்றைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலதுக்கு ஆயிரம் ரூபாய்கூடப் பெறாது. சிலதுக்கு லட்சக் கணக்கில் கொடுப்பார்கள். எது ஆயிரம், எது லட்சம் என்று சொல்லத் தெரிந்தவர் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் ஒருவர்தான். கண்டியில் பழஞ்சாமான் ஏலம் போடுகிற பெரிய வியாபாரி, றோலண்ட் கைப்பட எழுதிய கடிதம் கூடவே வராத இழைப்புளியைக் கையாலும் தொடமாட்டார்.

பயந்தவருக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்றால், பயத்தால்தான் வந்தது.

தொண்ணூற்றேழில் றோலண்டுக்கு இருபத்து நாலு வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர், கொழும்பில் மேசை நாற்காலி செய்கிற தளபாடக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு நாள் இழைப்புளியின் அலகுகள் மூன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சாணை பிடிக்கக் கொண்டு போனார். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி. பையைத் திறக்கச் சொன்னார்கள். தாளைப் பிரித்தால் பளபளவென்று மூன்று இரும்பு. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். இழைப்புளிக்குச் சிங்களத்தில் என்ன பேர் என்று அவருக்கு அந்த நேரம் பார்த்து வரவில்லை. வாயில் வந்த சொல்லைச் சொன்னார். வந்த சொல் 'கத்தி'.

பதினோரு நாள் உள்ளே இருந்தார். அந்தப் பதினோரு நாளில் நடந்ததை அவர் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை, நாமும் கிளற வேண்டாம். பன்னிரண்டாம் நாள் அவருடைய கடை முதலாளி, ஒரு வயதான சிங்களத் தச்சர், தன் இழைப்புளியையே கையில் எடுத்துக்கொண்டு வந்து, அந்த அலகை அதற்குள் பொருத்திக் காட்டி, "இதுக்குப் பேர் யத்த" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

ஒரு பொருளுக்குச் சரியான பேர் தெரியாவிட்டால் மனிதனை உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது அன்றைக்கு அவர் எலும்பில் இறங்கிவிட்டது. மலைக்குத் திரும்பியவர், கையில் கிடைத்த ஒவ்வொரு இழைப்புளிக்கும் பேர் தேட ஆரம்பித்தார். அலகில் அடித்திருக்கும் முத்திரையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார். அப்படி எடுத்தவை பதினேழு தடித்த நோட்டுக் கொப்பி நிறைய இருக்கின்றன. யார் செய்தது, எந்த ஊர், எந்தக் காலம், உள்ளே திணித்திருக்கும் கட்டை என்ன மரம், ஆணி மாற்றியதா, அலகு கூடப் பிறந்ததா இல்லை இடையில் ஒட்டிக்கொண்டதா, எல்லாம் அதில் இருக்கும். பிற்பாடு கையில் போன் வந்தது, உலகமே வந்தது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லப் பயம்.

இதில் மோசடியும் உண்டு. நேற்றுச் செய்ததையும் துருவைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கியதையும் கறுப்பாக்கிப் பழையது என்று விற்பார்கள். அதற்கு நம் ஊரில் செலவே இல்லை. தேயிலைத் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி, இரும்பை அதில் ஊறப்போட்டால் மைபோலக் கறுத்துவிடும். றோலண்ட் அதைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். பழமைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கை போன இடம் வெளுத்திருக்கும், கை போகாத இடம் கறுத்திருக்கும். சாயம் அந்த வித்தியாசம் பார்க்காது, எங்கும் ஒரே மாதிரிப் பிடிக்கும். அப்படிப்பட்டதைக் கொண்டு வந்தவனிடம் நேரே மோசடி என்று சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. "இது தேத்தண்ணி குடிச்ச சாமானுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். வியாபாரிகள் மத்தியில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

போன வருஷம் சரஸ்வதி பூசைக்கு ஏழு நாள் முன்னால், பட்டறை வாசலில் வெள்ளை ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஏக்கநாயக்க. ஓய்வு பெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர். தலவாக்கலைப் பக்கம் வீடு கட்டி, மரக்கறித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காக்கி இல்லை, இடுப்பில் சாரமும் மேலே ஸ்வெட்டரும்தான். இருந்தாலும் றோலண்டுக்கு அந்த மீசையே காக்கியாகத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் போகக் காலைத் தூக்கியவரை, "பாஸ், இஞ்ச வா" என்று சிங்களவர்கள் தச்சரைக் கூப்பிடுகிற குரல் பிடித்து நிறுத்தியது.

பச்சைத் துணியைப் பிரித்து மேசையில் வைத்தார். மாமனாருடையதாம். ஒரு துரை தன் ஊருக்குத் திரும்பும்போது மாமனார் அவரிடம் வாங்கியதாம்.

றோலண்டுக்கு ஒரு நிமிஷம் பயமே மறந்து போனது. ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகம். உருக்குத் தகட்டைப் பெட்டிபோல மடக்காமல், அடித்தட்டும் பக்கத் தகடுகளும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பூட்டியது. உள்ளே ரோஸ்வுட் கட்டை. மேலே பித்தளைப் பிடிமானம். முனையில் மங்கலாக ஸ்கொட்லாந்தில் ஏர் என்ற ஊரின் பேர். நூற்று முப்பது வருஷக் கறுப்பு, தொட்டால் எண்ணெய் மாதிரி வழுக்குகிற கறுப்பு. அவர் கொப்பியில் அந்த வடிவத்துக்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தார், படத்தில் மட்டும் பார்த்தது. வழக்கம்போல போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். மூன்றரை லட்சத்துக்குக் குறையாது என்று மனது சொன்னது.

"வாற ஞாயித்துக்குப் பிறகு ஞாயிறு வாறேன்," என்றார் ஏக்கநாயக்க. இருபது வருஷம் தமிழ்ப் பகுதிகளில் வேலை பார்த்துப் பிடித்துக்கொண்ட தமிழ். "நீ கடிதம் எழுதி வை. கவனம், ஆ?"

அந்த 'கவனம்' றோலண்டின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பழைய சாமான்களுக்கென்று பட்டறையில் கண்ணாடி போட்ட அலுமாரி ஒன்று உண்டு. அதில் அவர் மனைவி நாகலெட்சுமி விரலும் வைக்கமாட்டாள். அங்கே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் திருடன் வந்தால் முதலில் அந்த அலுமாரியைத்தானே உடைப்பான் என்று இவருக்கு யோசனை போனது. பொலிஸ்காரர் பொருள் களவு போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வியர்த்தது. ஆகவே மிகவும் புத்திசாலித்தனமாக, பச்சைத் துணியைக் கழற்றிவிட்டு, தான் தினமும் பாவிக்கிற உளி, வாள், சுத்தியல் எல்லாம் கிடக்கிற பெட்டியில் அடியில் போட்டு வைத்தார். யாருடைய பொருள் என்று மனைவியிடமும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவரவே அவருக்கு இஷ்டமில்லை.

நாகலெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவள். இந்துக் குடும்பம். றோலண்ட் வேதக்காரர். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், எதிர்த்தது முழுக்க அவள்தான். அவர் கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டுவார். அவள் சரஸ்வதி பூசைக்கு அவருடைய ஆயுதங்களை எல்லாம் விளக்கிப் பொட்டு வைத்துப் படைப்பாள். அவள் அப்பா ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவர். வருஷத்தில் ஒரு நாளாவது ஆயுதத்தில் ஒரு துளி அழுக்கு இருக்கக்கூடாது, இருந்தால் அடுத்த வருஷம் அதே ஆயுதம் கையை வெட்டும் என்று சொல்லி வளர்த்திருந்தார்.

பூசைக்கு முதல் நாள் றோலண்ட் பொகவந்தலாவையில் ஒரு கோவில் கதவுக்கு அளவெடுக்கப் போனார். மழையில் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட, அக்கா வீட்டில் தங்கிவிட்டு, பூசையன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்.

வீட்டில் சாம்பிராணி வாசம். முன்னறையில் வாழையிலை. இலையில் அவல், கடலை, பொரி. அதன் நடுவே வரிசையாக உளிகள், வாள், சுத்தியல்கள், எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். கடைசியில் ஒன்று, வெள்ளிக் கும்பா மாதிரிப் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. பித்தளை தங்கமாக ஜொலித்தது.

அவர் முதலில் அதை அடையாளம் காணவில்லை. நாலாயிரம் இழைப்புளிக்குப் பேர் சொன்ன மனிதர், அது என்ன என்று இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"என்னாங்க, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துட்டீங்க?"

"நாகு… அத என்னா செஞ்ச?"

"அதா? பெட்டிக்கு அடியில கரி புடிச்சுக் கெடந்துச்சு. பாக்கவே சகிக்கல. புளியும் செங்கத்தூளும் போட்டு ராத்திரி ஊற வச்சு, காலையில தேய் தேய்னு தேச்சேன். கைய பாருங்க, தோலு உரிஞ்சிருச்சு. கட்டைய சுடுதண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு எண்ண தடவுனேன்." அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்தது. சிரித்துச் சமாளித்தாள். "எழப்புளிக்குப் புளி போடாம வேற எதுக்குப் போடுறது?"

அவர் சிரிக்கவில்லை. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது என்று சொல்கிறோமே, அன்றைக்கு அவருக்கு அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. எழுந்து பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இந்தப் பொருளுக்கு அந்தக் கறுப்புத்தான் விலை. கறுப்புப் போனால் பாதி விலை போய்விட்டது. அதுகூடப் பெரிதில்லை. கறுப்பு இழைப்புளி கொடுத்தவர் வந்து வெள்ளை இழைப்புளியைப் பார்த்தால் என்ன சொல்வார்? மாற்றிவிட்டான் என்பார். என்னுடையதை விற்றுவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறான் என்பார். சொல்கிறவர் பொலிஸ் இன்ஸ்பெக்டர். பொலிஸில் அவருடைய சொல்லுக்கு முன்னால் கொட்டகலைத் தச்சனுடைய சொல் எந்த மூலைக்கு?

நாகலெட்சுமி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போயி அந்த ஐயாகிட்டச் சொல்றேன். வெளக்குனது நானு. என்னய புடிச்சுக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

"வாயத் தொறக்காத!" என்று கத்தினார் றோலண்ட். அவர் கத்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "உள்ள போனா என்னா நடக்கும்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் அவர் நாலு பிடி சோறு தின்றிருப்பார். ஜீப் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். போன் அடித்தால் தலையணைக்கு அடியில் செருகுவார். அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தார். போதாதென்று மாரியம்மனுக்கும் ஒரு தேங்காய் நேர்ந்தார். இந்தியாவுக்குக் கள்ளத் தோணியில் போய்விடலாமா என்றுகூட யோசித்தார், ஆனால் தண்ணீர் என்றால் பயம். வெள்ளிக்கிழமை காலையில் நாகலெட்சுமி பிள்ளைக்காம்பராவுக்குப் போனதும், பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பில் ஒரு பெயின்ட் வாளியை வைத்தார். இரண்டு கிலோ தேயிலைத் தூளைக் கொட்டினார்.

ஆம். தேத்தண்ணி காய்ச்சினார்.

வேறொருவன் செய்திருந்தால் எங்கும் ஒரே கறுப்பாக வந்திருக்கும், இவரே பிடித்தும் இருப்பார். ஆனால் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பிடிபடாமல் செய்யவும் தெரியும். போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுசாக ஊறவைக்காமல், துணியில் நனைத்து நனைத்து ஒற்றினார். உள்ளங்கை படுகிற இடத்தைத் தன் உள்ளங்கையாலேயே தேய்த்து வெளுக்க வைத்தார். விரல் போகாத மூலைகளில் மூன்று தடவை சாயம் ஏற்றினார். பித்தளைக்கு வேறொரு கைமருந்து இருக்கிறது. அதை இங்கே எழுதினால் நாளைக்கே நாலு பேர் கடை திறந்துவிடுவார்கள். கட்டைக்கு மெழுகும் விளக்குக் கரியும். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது, அந்த இழைப்புளி அச்சு அசலாகப் பழையபடி இருந்தது. கண்டி வியாபாரிக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது. உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

நாகலெட்சுமி வந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா, பழைய மாதிரியே ஆயிருச்சே! அப்பாடா. இன்னிக்காவது ஒழுங்கா சாப்புடுங்க."

அவரால் சாப்பிட முடியவில்லை. பயம் போய்விட்டால் பசி வரும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பயம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. இதுவரை பிடித்துவிடுவார்களே என்று பயந்தவருக்கு, இனி யாருமே பிடிக்கமாட்டார்கள் என்பது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மழைத் தூறலில் வெள்ளை ஜீப் வந்தது. ஏக்கநாயக்க ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் ஒரு கட்டு லீக்ஸுமாக இறங்கினார். தன் தோட்டத்தில் விளைந்ததாம். அன்பாக நீட்டினார். றோலண்டுக்கு அதை வாங்கக் கை வரவில்லை. நாகலெட்சுமி வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் இழைப்புளியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆ, நல்லம். மாமா வச்ச மாதிரியே இரிக்கி," என்றார். "விலை எவ்வளவு?"

"மூணரை" என்று சொன்னால் முடிந்தது. றோலண்ட் சொல்லவில்லை. கடிதத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார். அவருடைய கடிதங்களில் இரண்டாவது வரி எப்போதும் ஒன்றுதான்: இதில் உள்ள கறுப்பு காலத்தால் வந்தது. முதல் வரியை எழுதினார். இரண்டாவது வரிக்கு வந்து பேனா நின்றது. ஒரு பொருளுக்குத் தப்பான பேர் சொன்னதற்காக அன்றைக்குப் பதினோரு நாள் இருந்தவர், அன்றைக்காவது தெரியாமல் சொன்னார். இன்றைக்குத் தெரிந்தே எழுதப் போகிறார். வெட்கப்பட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்தயா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இது… தேத்தண்ணி குடிச்சிருக்குங்க."

"ஆ, எனக்கு வேணாம் பாஸ்," என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுல குடிச்சித்தான் வாறது."

உள்ளேயிருந்து நாகலெட்சுமிக்குத் தேத்தண்ணி என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. "இந்தா ஊத்திட்டேங்க," என்று குரல் கொடுத்தவள், ஒரு நிமிஷத்தில் இரண்டு கிளாஸ் சாயத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஆண்டவனே தப்பிக்க வழி காட்டுகிறான் என்று தோன்றியது றோலண்டுக்கு. சொல்லியாயிற்று, அவருக்கு விளங்கவில்லை, அதற்கு நாம் என்ன செய்வது? கிளாஸை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டு விலையைச் சொல்லிவிடலாம். கையும் கிளாஸுக்குப் போனது. தூக்கும்போது தேத்தண்ணி தாளில் சிந்தியது.

"அந்தத் தேத்தண்ணி இல்லீங்க மாத்தயா," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "இந்தக் கறுப்பு நான் போட்டது. தேயில காய்ச்சிப் போட்டது. உங்க கறுப்பு போயிருச்சுங்க. பூசைக்கு வெளக்குனதுல போயிருச்சு. பெட்டியில போட்டு வச்சது என்னோட குத்தம். உங்ககிட்டச் சொல்லப் பயந்துகிட்டு, சாயம் போட்டு மறைச்சுட்டேன்."

நாகலெட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏக்கநாயக்க மெதுவாக இழைப்புளியை மேசையில் வைத்தார். அந்த நிதானம் றோலண்டுக்கு அந்தப் பதினோரு நாளில் பழக்கமானது. "அப்போ," என்றார், "இது என்ட யத்ததானா? இல்லாட்டி நீ மாத்திட்டியா?"

நாலு நாள் கனவில் கேட்ட அதே சொல். றோலண்ட் மேசையைப் பிடித்து நின்றார். ஆனால் இது விலையைப் பற்றிய கேள்வி இல்லை, பொருளைப் பற்றிய கேள்வி. பொருளைப் பற்றிய கேள்விக்கு அவர் வாய் தானாகத் திறந்துவிடும். போனில் படத்தைப் பெரிதாக்கி நீட்டினார்.

"இரும்பைப் பாக்காதீங்க. கட்டையப் பாருங்க. இந்த வரி இங்க வளைஞ்சு, இந்தக் கண்ணைச் சுத்திப் போவுது. இங்க ரெண்டாப் பிரியுது. ஒரு மரத்து வரி இன்னொரு மரத்துல இருக்காதுங்க. உலகத்துல எங்கயும் இருக்காது."

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், படத்தையும் கட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். உத்தியோக காலத்தில் எத்தனை கைரேகைகளை அப்படிப் பார்த்திருப்பாரோ. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. றோலண்டுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"சரி," என்றார் கடைசியில். "அதுதான் இது." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, கோபமும் ஏளனமும் கலந்து சிரித்தார். "நீ பயந்த ஆள் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்றது. அதுக்குத்தான் உன்கிட்ட கொண்டு வந்தது. பயந்த ஆள் களவு செய்றது இல்ல, பொய் சொல்றது இல்ல. பார், பயந்து எல்லாம் சொல்லிட்ட."

றோலண்டுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. வாழ்க்கையில் அவருக்குக் கோபம் வந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இந்தத் தடவை தரையைப் பார்க்காமல் அந்த மீசையைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லீங்க மாத்தயா. பயந்தப்ப நான் செஞ்சது அந்தச் சாயம். சொன்னது பயத்துல இல்ல. பயந்திருந்தா மூணரைன்னு எழுதிக் குடுத்துட்டு இந்நேரம் சோறு தின்னுக்கிட்டு இருப்பேன்."

நாகலெட்சுமி "ஐயோ" என்றாள்.

ஏக்கநாயக்கவின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் தச்சனை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி, தலை முதல் கால் வரை பார்த்தார். "உன்ட பேர் என்ன?"

"றோலண்டுங்க."

"முழுப் பேர்."

முழுப் பேர் கேட்டால் அடுத்தது என்ன என்று றோலண்டுக்குத் தெரியும். அடுத்தது பொலிஸின் பெரிய கொப்பி, அதற்கடுத்தது கம்பிக் கதவு. ஜீப்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "சவரிமுத்து றோலண்ட்," என்றார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிந்திய தேத்தண்ணியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, தாளை றோலண்டின் பக்கம் தள்ளினார். பொலிஸில் பழகிய தமிழில் அதுவரை 'நீ' ஒன்றுதான் இருந்தது. இப்போது ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அப்போ, மிஸ்டர் சவரிமுத்து," என்றார், "வெளக்கினது, சாயம் போட்டது, எல்லாத்தையும் சேத்து… நீங்க எழுதுங்க. என்ன விலை வந்தாலும் சரி."

றோலண்ட் இழைப்புளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். இரண்டாவது வரியில், இதில் உள்ள கறுப்பு நான் போட்டது என்று எழுதினார்.